எம்.எல்.ஏ. திட்டும்போது இன்ஸ்பெக்டர் ஏன் சும்மா நிற்கிறார்?

கூட்டத்துக்கு நடுவே ஒரு சட்டமன்ற உறுப்பினர் இன்ஸ்பெக்டரை வாடா போடா என்று பேசுகிறார். இன்ஸ்பெக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: "இதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே உள்ளே வைத்திருப்பார்கள். அவரை ஏன் தொடவில்லை? ஊரே திட்டித் தீர்த்தது, என்ன ஆயிற்று? கடைசியில் இன்ஸ்பெக்டரைத்தான் ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்களாம்." இதில் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது, அதற்கு ஓரளவு நேரடியான பதிலும் உண்டு. ஆனால் உங்களை உறுத்துவது, சட்டமும் துப்பாக்கியும் கையில் உள்ள ஒருவர் ஏன் விழுங்கிக்கொண்டு நிற்கிறார், நம்முடைய கோபம் அவருக்குக் கொஞ்சமாவது உதவுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். தமிழ்நாடு காவல்துறையில் சட்டம் ஒழுங்குப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதே மாதிரி நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் பார்த்த அந்தச் சம்பவத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. வீடியோ தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடம் நம் யாரிடமும் இல்லை.

முதலில் சட்டம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் எந்த ரைட்டரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மூன்று எண்கள் உண்டு: 294(பி), 353, 506(2). ஆபாசமாகத் திட்டுவது, அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தாக்குவது, கொலை மிரட்டல். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு அவை 296(பி), 132, 351(3) ஆகிவிட்டன. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை. இவற்றில் நடுவில் இருப்பதுதான் எல்லோரும் பயப்படுவது, ஏனென்றால் அது ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனால் அந்தப் பிரிவுக்கு வாய் வார்த்தை மட்டும் போதாது. தாக்குதலோ, பலப்பிரயோகமோ இருக்க வேண்டும். கையை ஓங்கினால், அடித்துவிடுவார் என்று எதிரில் நிற்பவர் நினைக்கும்படி சைகை காட்டினால் சட்டப்படி அதுவும் தாக்குதல்தான். வெறும் பேச்சு ஆகாது. பெங்களூரு போக்குவரத்து போலீசின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு தம்பதி கடுமையாக எழுதியதற்கு 353 போட்டார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்த எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இப்படி வருகிறது: எம்.எல்.ஏ. திட்ட மட்டும் செய்திருந்தால், கை நீட்டாமல் இருந்திருந்தால், அவரை அன்றைக்கே தூக்கி உள்ளே வைக்கச் சட்டம் இடம் தருவது மிகவும் குறைவு. அதே வார்த்தைக்கு உங்களை உள்ளே வைத்தாலும் அது தப்புதான். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. டிராஃபிக்கில் வாக்குவாதம் செய்த ஆட்டோ டிரைவர் மேல் 353 போடும்போது நாங்கள் மறக்கும் இந்தத் தீர்ப்பு, கட்சிக்காரர் விஷயத்தில் மட்டும் கச்சிதமாக நினைவுக்கு வரும். உங்கள் கோபம் நியாயமாகிற இடம் அதுதான்.

எம்.எல்.ஏ.வுக்குத் தனி உரிமை இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 194-வது பிரிவு பாதுகாப்பது சபைக்குள் அவர் பேசுவதை. தெருவில், ஸ்டேஷனில், திருவிழாப் பந்தோபஸ்தில் அவர் எல்லோரையும் போல ஒரு குடிமகன். குற்ற வழக்கில் கைது செய்தால் சபாநாயகருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நிற்க வேண்டியிருப்பது மரியாதைக்காக. மக்கள் பிரதிநிதி வந்தால் எழுந்து வரவேற்று, எழுந்து வழியனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு தன் அதிகாரிகளுக்கு எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. மாநிலங்களிலும் நடைமுறை அதுதான். ஒரு புகார் என்ன ஆயிற்று என்று கேட்கவும் தொகுதிக்காரர் ஒருவருக்காகப் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. இவரை விடு, அவர் மேல் கேஸ் போடு என்று உத்தரவு போட உரிமை கிடையாது.

இன்னொரு நுணுக்கம். பணிக்கு இடையூறு செய்ததாக நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவில் போவதென்றால், அந்த அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ நீதிமன்றத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிபதி அதை எடுத்துக்கொள்ள முடியும். அதிகபட்சம் மூன்று மாதம், அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது, ஊர் முழுக்க வீடியோ பார்த்திருந்தாலும் திட்டு வாங்கியவர் தரப்பு பேனாவை எடுக்காவிட்டால் அந்த வழக்கு பிறக்கவே பிறக்காது. அரசு ஊழியருக்குக் கேடு விளைவிப்பதாக மிரட்டினால் 224 இருக்கிறது. ஆனால் நாங்கள் அதிகம் கேட்கும் மிரட்டல் "உன்னை எங்கே தூக்கிப் போடுறேன் பார்" என்பதுதானே. டிரான்ஸ்ஃபர் என்பது அரசாங்கம் சட்டப்படி செய்யக்கூடிய காரியம். அதைச் சொல்லி மிரட்டுவது இந்தப் பிரிவுக்குள் வருமா என்பது வாதத்துக்கு உரியது. வரும் என்பது என் கருத்து. அப்படி ஒரு வழக்கை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அப்புறம், ஏன் பேனாவை எடுப்பதில்லை? இங்கேதான் வெளியில் இருப்பவர்கள் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். முதுகெலும்பு இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இரவு ஒன்பதரை மணிக்குக் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு பையனின் பைக்கைப் பிடித்து வைத்திருந்தோம். ரைட்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஐயா, லைன்ல ஒன்றியம்" என்றார். கட்சிக்காரர்களை நாங்கள் பதவிப் பெயரால்தான் சொல்வோம்: ஒன்றியம், நகரம், மாவட்டம். அந்த ஒன்றியம் ஒரு நிமிடம் 'சார்' போட்டுப் பேசினார். பைக் கோர்ட்டுக்குத்தான் போகும் என்றதும் 'சார்' காணாமல் போய்விட்டது. என் குடும்பத்தையும் இழுத்தார். அதை ஸ்டேஷனின் பொதுக் குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதி வைத்தேன். அவரால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு வேறொரு மணல் லாரி விஷயத்தில் அவருக்கு இரண்டு படி மேலே இருந்த ஒருவர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. சாப்பிட்டாச்சா, பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தார். "கொஞ்சம் பார்த்துக்குங்க தம்பி" என்றார். நான் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த மாற்றல் பட்டியலில் 'நிர்வாக நலன் கருதி' என்ற வரியோடு என் பெயர் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன். நிரூபி என்றால் முடியாது. நான் இவ்வளவு நீட்டி முழக்குவது அந்த 'முடியாது'வுக்காகத்தான்.

கூட்டத்தின் முன்னால் கத்துகிற அரசியல்வாதி பெரும்பாலும் இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருப்பதில்லை. அவர் பேசுவது பின்னால் நிற்கும் தன் ஆட்களிடம், சுற்றி நிற்கும் தொகுதிக்காரர்களிடம், தூக்கிப் பிடித்திருக்கும் செல்போன்களிடம். அதிகாரம் உண்மையிலேயே கையில் உள்ளவருக்குக் கத்த வேண்டிய அவசியம் குறைவு. நிற்கும் இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொண்டால் கூட்டம் கலைந்துவிடும். பதிலுக்குக் குரலை உயர்த்தினால் ஐந்நூறு பேர் கூடிய இடத்தில் இருபது காவலர்களை வைத்துக்கொண்டு தடியடிக்குத் தயாராக வேண்டும். அந்த வீடியோவில் கையைப் பின்னால் கட்டி நின்றாரே, பயமாகவும் இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம். நான் நின்றபோது இரண்டும்தான் இருந்தன.

பயம் எதற்கு என்றால், மாற்றலுக்குத்தான். பதினோரு மாதத்தில் பிள்ளையின் பள்ளியை மாற்றுவது, ஸ்டேஷன் பொறுப்பு இல்லாத ஆயுதப்படைக்கோ, பணியிடம் தராமல் வைக்கும் காத்திருப்போர் பட்டியலுக்கோ போவது, பழைய சம்பவம் ஒன்றைத் தோண்டி எடுத்து '3 பி' சார்ஜ் மெமோ, அதாவது கடுமையான தண்டனைக்கான துறை விசாரணைக் குற்றச்சாட்டு, கொடுப்பது. அந்த மெமோ கையில் இருக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் சிக்கல். தர்ம வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன் 1979-ல் கொடுத்த இரண்டாவது அறிக்கையிலேயே, போலீசை வளைக்க அரசியல்வாதியின் கையில் உள்ள மிக வலுவான ஆயுதம் மாற்றலும் சஸ்பென்ஷனும்தான் என்று எழுதிவிட்டது. 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவருக்கும் மாவட்ட எஸ்.பி.க்கும் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும், டி.எஸ்.பி. வரையுள்ள மாற்றல்களை டி.ஜி.பி. தலைமையிலான குழு முடிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆனாலும் விதிவிலக்குகளின் வழியாக மாற்றல் தாராளமாக நுழைகிறது. நீதிமன்றத்துக்குப் போனாலும், மாற்றல் பணியின் ஒரு பகுதி, கெட்ட நோக்கத்தை நிரூபித்தால் மட்டுமே தலையிடுவோம் என்பார்கள். இதையெல்லாம் பத்திரிகையில் சொல்லவும் முடியாது. சங்கம் வைத்துக்கொள்வதையும் வெளியே பேசுவதையும் 1966-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. ஆசிரியரைத் திட்டினால் ஆசிரியர் சங்கம் தெருவுக்கு வரும். எங்களுக்கு யார் வருவார்?

சரி, மக்கள் வருவார்களா? சில சமயம் வந்திருக்கிறார்கள். 2016 ஜனவரியில் கர்நாடகத்தின் கூட்லிகியில் டி.எஸ்.பி. அனுபமா ஷெணாய் மாற்றப்பட்டார். அமைச்சர் ஒருவரின் போன் அழைப்பைக் காத்திருப்பில் போட்டதுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. ஊர் மக்கள் போராட்டத்தில் இறங்க, அரசு மாற்றலைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் அவர் வேலையையே ராஜினாமா செய்துவிட்டார். மக்கள் நாற்காலியை மீட்டுக் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து வேலை செய்யும் நிலைமை ஐந்து மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 2025 ஏப்ரலில் பெலகாவியில் ஒரு பொதுக்கூட்ட மேடையில் முதல்வர் சித்தராமையா ஒரு கூடுதல் எஸ்.பி.யை நோக்கிக் கை ஓங்கிய காட்சி நாடு முழுக்க ஓடியது. கோபம் அடங்கிய பிறகு, எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு, அந்த அதிகாரி விருப்ப ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதினார். கடிதம் வெளியே வந்ததும்தான் அரசு சமாதானம் பேசி, பெலகாவியிலேயே துணை ஆணையர் பதவி கொடுத்தது. அடி விழவில்லை. ஆனால் வீட்டில் மனைவி மக்கள் அதைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதென்றால் என்ன என்று சீருடை போட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2017 மே மாதம் கோரக்பூரில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சாராயக் கடைக்கு எதிரான மறியலில், ஐ.பி.எஸ். அதிகாரி சாரு நிகமை எம்.எல்.ஏ. ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அதட்டினார். சாரு நிகம் கண் கலங்கிய படம் பரவியது. என் கண்ணீரைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பிறகு அவரே எழுதினார். மேலதிகாரி வந்து தனக்காகப் பேசியதில்தான் நெகிழ்ந்துபோனதாகவும் அதில் விளக்கினார். லட்சம் பேர் ஆதரவாக எழுதியதைவிட, தன் எஸ்.பி. பக்கத்தில் வந்து நின்றதுதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. நான் பார்த்தவரையில் இது அப்படியே உண்மை. எஸ்.பி. "நீ எழுதிக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன மாவட்டங்களில் இன்ஸ்பெக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். "விட்டுட்டுப் போய்யா, அவங்க அப்படித்தான்" என்று சொன்ன மாவட்டங்களில் யாரும் எழுதவில்லை.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியான மகாராஷ்டிர வீடியோவில், விழுங்கிக்கொண்டு நிற்பதற்கு நேர் எதிரான தைரியத்தைப் பார்த்தோம். சோலாப்பூர் மாவட்டத்தில் கிராவல் மண் அள்ளுவதைத் தடுக்கப் போன டி.எஸ்.பி. அஞ்சனா கிருஷ்ணாவிடம் கட்சிக்காரர் ஒருவர் தன் போனை நீட்டினார். மறுமுனையில் அப்போதைய துணை முதல்வர் அஜித் பவார். பேசுவது அவர்தானா என்று எனக்கு எப்படித் தெரியும், என் எண்ணில் கூப்பிடுங்கள் என்றார் அந்த அதிகாரி. மறுமுனையில் கோபம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, சட்ட நடவடிக்கையில் தலையிடும் நோக்கம் இல்லை, காவல்துறை மேல் பெரும் மதிப்பு உண்டு என்று அஜித் பவார் விளக்கம் கொடுத்தார். அடுத்தவர் போனில் வரும் உத்தரவை ஏற்காமல் தன் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்வது பயிற்சிக் கல்லூரியில் பாடமாக வைக்க வேண்டிய விஷயம். நேரடி ஐ.பி.எஸ்.ஸாக வந்தவருக்கு அது கைகூடுகிறது. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏறி வந்தவர் அதே வார்த்தையைச் சொன்னால் ஊடகம் இவ்வளவு கொண்டாடியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தமிழ்நாட்டில் 2018 செப்டம்பர் நினைவிருக்கும். திருமயம் அருகே விநாயகர் ஊர்வலத் தகராறில் எச். ராஜா போலீசையும் உயர் நீதிமன்றத்தையும் பேசியது ஒரு வீடியோ. அந்த வீடியோ திருத்தப்பட்டது என்பது அவர் தரப்பு. அதே வாரம் சென்னையில் எம்.எல்.ஏ. கருணாஸ் ஒரு துணை ஆணையரைச் சவாலுக்கு அழைத்த பேச்சு இன்னொரு வீடியோ. கருணாஸ் சில நாளில் கைதானார். ராஜா மேல் வழக்குப் பதிந்தும் கைது நடக்கவில்லை. அவமதிப்பு வழக்கில் அவர் அக்டோபரில் நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்டார். அப்போது மக்கள் கேட்டது, ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயமா என்பதே. திட்டியவர் யார், அன்றைக்கு அவர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து போலீசின் ரோஷம் ஏறி இறங்குகிறது என்று மக்கள் முடிவு செய்துவிட்டால், அடுத்த முறை போலீஸ் அவமானப்படும்போது பரிதாபப்பட ஆள் இருக்காது.

அந்தப் பரிதாபமே பாதிப் பேரிடம்தான் இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த வீடியோவின் கீழே "நல்லா கேட்டார் நம்ம எம்.எல்.ஏ." என்றும் நூறு பேர் எழுதியிருப்பார்கள். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கைதுசெய்யத்தக்க குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுக்கே நாலு நாள் அலைந்தவர்கள் அவர்கள். எம்.எல்.ஏ. வந்து சத்தம் போட்ட பிறகு அரை மணியில் ரசீது கிடைத்திருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சீருடை தலைகுனியும் காட்சி உள்ளுக்குள் ஒரு திருப்தியைத் தந்தால் அதற்கு நாங்களும் பொறுப்பு. கத்தும் அரசியல்வாதி இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார். அந்தக் கைதட்டலை நம்பித்தான் கத்துகிறார்.

மக்கள் கோபத்தை முழுதாக நம்பிவிடவும் கூடாது. 2012 செப்டம்பரில் லண்டன் டவுனிங் தெரு வாசலில், சைக்கிளைப் பிரதான கேட் வழியாக விடாத போலீசாரைத் திட்டியதாக ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல் மேல் புகார் எழுந்தது. கெட்ட வார்த்தை சொன்னதை ஒப்புக்கொண்டார், போலீசாரை இழிவுபடுத்தும் சொல்லைச் சொல்லவில்லை என்றார். ஒரு மாதத்தில் பதவி விலக வேண்டியதாயிற்று. பிறகு பார்த்தால், பொதுமக்களில் ஒருவராக நேரில் கண்டதாக மின்னஞ்சல் எழுதியவர் அங்கே இல்லாத ஒரு போலீஸ்காரர். 2014-ல் அவருக்கு ஓராண்டு சிறை. கதை தலைகீழாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, அதே ஆண்டு நவம்பரில் அவதூறு வழக்கில் நீதிபதி, மிட்செல் அந்தச் சொல்லையோ அதற்கு நெருக்கமானதையோ சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தீர்ப்பளித்தார். இரண்டு தரப்பின் மேலும் கறை. கேமராவும் நீதிமன்றமும் சுதந்திரமாக இயங்கும் இடத்திலேயே முடிச்சு அவிழ இரண்டு ஆண்டு ஆயிற்று என்றால், நாற்பது நொடி வீடியோவை வைத்து நாம் யாரையும் தூக்கில் போட வேண்டாம்.

கடைசியாக, ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்களாம் என்றீர்கள். அது தண்டனையா? உத்தரவில் 'நிர்வாக நலன்' என்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர் அந்த ஸ்டேஷனில் இரண்டு ஆண்டு முடித்தவரா என்று பாருங்கள். அன்றைக்கு எத்தனை பேரை மாற்றினார்கள், அவர் ஒருவர் பெயர் மட்டும் தனித் தாளில் வந்ததா என்று பாருங்கள். அவருடைய இடத்துக்கு யார் வந்தார், எந்தத் தகராறில் அந்தத் திட்டு விழுந்ததோ அந்த வழக்கு புது இன்ஸ்பெக்டரிடம் எப்படி நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். எத்தனை மாதத்தில் மாற்றல், எந்தக் குழு ஒப்புதல் கொடுத்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்.பி. அலுவலகத்திடமே பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் வராது. எம்.எல்.ஏ. மேல் வழக்கு ஏதாவது பதிவாகியிருந்தால் அதையும் தொடர்ந்து பாருங்கள். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அரசு திரும்பப் பெறக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்று கேளுங்கள். அந்த இன்ஸ்பெக்டரால் அதைக் கேட்க முடியாது, உங்களால் முடியும்.